முழு மனிதரையும் தொட்ட கைகள்



“உடம்புக்கு என்ன?” என்று யாராவது கேட்டால் நாம் உடனே ஓர் உறுப்பின் பெயரைச் சொல்கிறோம். முட்டி என்கிறோம், வயிறு என்கிறோம், கண் என்கிறோம். கவுஞ்சியிலிருந்தோ பூம்பாறையிலிருந்தோ கொடைக்கானலுக்குப் பேருந்து ஏறி மருத்துவரைப் பார்க்கப் போகிறவர் காட்டுவதும் அந்த ஓர் உறுப்பைத்தான். ஆனால் அவர் தம்மோடு சுமந்து போவது அதைவிடப் பெரியது. அன்றைய கூலி போய்விட்டதே என்ற கவலை, பூண்டுக்கு இந்த முறை விலை கிடைக்குமா என்ற அச்சம், வீட்டில் பேச்சுவார்த்தை இல்லாமல் போன மகனைப் பற்றிய வேதனை, ‘ஆண்டவர் ஏன் என்னை இப்படி வைத்திருக்கிறார்’ என்ற கேள்வி ஆகிய எல்லாம் அந்த முட்டி வலியோடு சேர்ந்தே பேருந்தில் ஏறுகின்றன.

1948இல் நடைமுறைக்கு வந்த உலக நலவாழ்வு நிறுவனத்தின் சாசனம் நலம் என்பதற்குத் தரும் விளக்கம் இதைத்தான் சொல்கிறது. நோய் இல்லாதிருப்பது மட்டும் நலமாகிவிடாது. உடல், மனம், சமுதாய உறவு ஆகிய மூன்றிலும் நன்றாக இருப்பதே நலம் என்று அது கூறுகிறது. நாம் அதனோடு ஆன்மாவையும் சேர்த்துக்கொள்கிறோம். இதைச் சொல்வது எளிது. ஒரு மருத்துவர் இதைத் தம் அன்றாட வேலையாக எப்படிச் செய்ய முடியும்? இதற்கு விடை தேட நாம் தொலைதூரம் போக வேண்டியதில்லை. நம் மலையைப் போன்ற இன்னொரு தமிழக மலையில் பிறந்து, வேலூரில் பணியாற்றிய ஒருவரின் வாழ்க்கையே அதற்கு விடை. அவர்தான் தொழுநோய் அறுவை மருத்துவர் பால் பிராண்ட். அவர் கத்தோலிக்கர் அல்லர். பாப்டிஸ்ட் சபைக் குடும்பத்தில் பிறந்தவர். ஆயினும் அவரிடமிருந்து நாம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

கொல்லிமலையின் மகன்

பால் பிராண்ட் 1914ஆம் ஆண்டு சூலை 17ஆம் நாள் கொல்லிமலையில் பிறந்தார். தந்தை ஜெசி பிராண்ட், தாய் ஈவ்லின் இருவரும் இங்கிலாந்திலிருந்து வந்த மறைப்பணியாளர்கள். சாலையோ மருத்துவமனையோ இல்லாத அந்த மலையில் ஜெசி நற்செய்தி சொன்னதோடு, காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தார், பல் பிடுங்கினார், நரம்புச் சிலந்திப் புழுவைக் குச்சியில் சுற்றிச் சிறிது சிறிதாக வெளியே எடுத்தார், பள்ளி நடத்தினார், தச்சு வேலை கற்றுக்கொடுத்தார். ஒரு மனிதருக்கு என்னென்ன தேவையோ அவை எல்லாமே அவருக்கு இறைப்பணியாக இருந்தன.

சிறுவன் பால் மலைப் பிள்ளைகளோடு வெறுங்காலுடன் மரமேறி வளர்ந்தான். படிப்புக்காக 1923இல் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டான். 1929இல் தந்தை மலேரியாவின் கடுமையான வகைக் காய்ச்சலில் இறந்தார். மகனால் அவரை மீண்டும் பார்க்கவே முடியவில்லை. கணவரை அடக்கம் செய்த பின்னும் ஈவ்லின் மலைமக்களை விட்டுவிடவில்லை. ஓய்வுபெற வேண்டிய வயதில், ஓய்வுபெற மறுத்து மீண்டும் கொல்லிமலைக்கு வந்தார். பிறகு வேறு மலைகளுக்கும் சென்று, மட்டக் குதிரைமேல் ஊர் ஊராகப் போய்த் தொண்டு செய்தார். தம் கடைசி 20 ஆண்டுகளில் அவர் வீட்டில் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லை என்று மகன் எழுதியிருக்கிறார். முகத்தில் சுருக்கம் விழுந்துவிட்டதே என்று பார்த்துக்கொள்ள அவருக்கு நேரமும் இல்லை, தேவையும் இல்லை. 1974இல், 95ஆம் வயதில் இறந்த அவர் கணவரின் கல்லறை அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

இங்கிலாந்தில் பால் பிராண்ட் முதலில் மருத்துவம் படிக்கவில்லை. கொத்து வேலை, தச்சு வேலை, கட்டடக் கலை ஆகியவற்றைச் சில ஆண்டுகள் கற்றார். பிறகே இலண்டனில் மருத்துவம் பயின்று, 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். வீணாய்ப் போயிற்று என்று அவர் நினைத்திருக்கக்கூடிய அந்தத் தச்சு வேலைப் படிப்பு பின்னாளில் எவ்வளவு பயன்பட்டது என்பதை இனிக் காண்போம்.

ஒரு கைகுலுக்கலில் தொடங்கியது

1947இல் தொழுநோய் மருத்துவர் ராபர்ட் கோக்ரேன் தம் செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவ நிலையத்தைக் காட்ட பிராண்டை அழைத்துச் சென்றார். விரல்கள் மடங்கி, கொக்கி போலாகிவிட்ட ஒரு நோயாளியின் கையைப் பிராண்ட் பிடித்துப் பார்த்து, ‘என் கையை அழுத்திப் பிடியுங்கள்’ என்றார். வலுவே இராது என்று நினைத்த அந்தக் கை அவர் கையை வலிக்கும் அளவுக்கு இறுக்கியது. செயலிழந்தவை சில தசைகள் மட்டுமே. முன்கையின் நல்ல தசைகள் வலுவோடு இருக்கின்றன என்பது அந்தக் கணத்தில் அவருக்குப் புலப்பட்டது. அப்படியானால் நல்ல தசையின் நாணை எடுத்துச் செயலிழந்த விரலோடு இணைத்தால் விரல் மீண்டும் நிமிருமே!

அதுவரை எலும்பு அறுவை மருத்துவர்கள் எவரும் தொழுநோயாளரின் கையைச் சீராக்குவதில் பெரிதாக அக்கறை காட்டியதில்லை. தொழுநோயாளரின் தசை அழுகும் தன்மையுடையது, அறுவை செய்தால் புண் ஆறாது என்பது பொதுவான எண்ணம். பிராண்டும் அவருடைய குழுவினரும் 1948 முதல் வேலூரில் அறுவை சிகிச்சை செய்து, அந்த எண்ணம் தவறு என்று காட்டினார்கள். புண் மற்றவர்களுக்கு ஆறுவது போலவே ஆறியது, மடங்கிய விரல்கள் நிமிர்ந்தன.

வலி இல்லாமையே நோய்

அறுவை வெற்றி பெற்றாலும் ஒரு கேள்வி எஞ்சி நின்றது. தொழுநோயாளரின் விரல்கள் ஏன் குறுகிப்போகின்றன? பாதத்தில் ஏன் ஓயாமல் புண் வருகிறது?

செங்கல்பட்டில் அவர் கண்ட ஒரு காட்சி விடைக்கு வழிகாட்டியது. கரி அடுப்பில் சுட்டுக்கொண்டிருந்த கிழங்கு தணலுக்குள் விழுந்துவிட்டது. அருகிலிருந்த முதியவர் ஒருவர் வெறும் கையைத் தணலுக்குள் விட்டு அதை எடுத்துக் கொடுத்தார். அவர் முகத்தில் சிறு சுளிப்புக்கூட இல்லை. இன்னொரு நாள், துருப்பிடித்த பூட்டு ஒன்றைப் பிராண்டால் திறக்க முடியவில்லை. ஒரு மெலிந்த சிறுவன் வந்து சாவியை ஒரே திருப்பாகத் திருப்பித் திறந்துவிட்டான். அவன் விரலைப் பார்த்தால், தோலும் தசையும் கிழிந்து எலும்பு தெரிந்தது. அவனுக்கு வலிக்கவே இல்லை.

தொழுநோய்க் கிருமி உடலின் குளிர்ந்த பகுதிகளிலுள்ள நரம்புகளைத் தாக்கி உணர்வை அழித்துவிடுகிறது. உணர்வு போனபின் அந்த மனிதர் சூட்டை அறியாமல் சுட்டுக்கொள்கிறார், முள் ஏறியதை அறியாமல் நடக்கிறார், புண்ணின்மேல் நாள் முழுதும் மிதிக்கிறார். விரல்களை அழிப்பது பெரும்பாலும் இந்தக் காயங்களும் அவற்றில் சேரும் சீழுமே என்று பிராண்ட் கண்டறிந்தார்.

இதற்கு ஒரு விநோதமான சோதனையும் வந்தது. நோயாளர் சிலரின் விரல் நுனி இரவோடு இரவாகக் காணாமல் போயிற்று. இரவில் விழித்திருந்து பார்த்தபோது உண்மை தெரிந்தது. எலிகள் வந்து கடித்துத் தின்றன, உறங்கியவருக்கோ தெரியவில்லை. அன்று முதல் வீட்டுக்குத் திரும்பும் நோயாளர் மருந்தோடு ஒரு பூனையையும் கொண்டுபோக வேண்டும் என்பது மருத்துவரின் ஆணையாயிற்று! சிரிப்பை வரவழைக்கும் செய்தி என்றாலும், முழு மனிதரையும் பார்க்கும் மருத்துவத்தின் அழகு இதில் இருக்கிறது. நோயாளர் எங்கே படுக்கிறார், அவர் குடிசையில் என்ன இருக்கிறது என்பதுவரை அந்த மருத்துவரின் பார்வை சென்றது.

1950களில் பயணக் களைப்போடு இலண்டனில் ஓர் இரவு தங்கியிருந்தபோது, தம் குதிகாலில் உணர்வே இல்லை என்பதைப் பிராண்ட் கண்டார். ஊசியால் குத்திப் பார்த்தார், தெரியவில்லை. தமக்கும் தொழுநோய் வந்துவிட்டது என்றே நினைத்து, இரவெல்லாம் உறங்காமல் தவித்தார். மனைவி மக்களிடமிருந்து பிரிய வேண்டுமே என்று கலங்கினார். விடிந்ததும் மீண்டும் ஊசியால் குத்தினார். சுரீரென்று வலித்தது. நீண்ட நேரம் அமர்ந்து பயணம் செய்ததில் நரம்பு அழுந்தியிருந்ததே காரணம். அந்த வலிக்காக அவர் கடவுளுக்கு நன்றி சொன்னார். வலி கடவுள் தந்த கொடை என்பது அன்று முதல் அவருக்கு ஏட்டுப் பாடமாக இருக்கவில்லை. பின்னாளில் அவர் வலியைப் பற்றியே ஒரு நூல் எழுதினார்.

அதில் நமக்குப் பயன்படும் இன்னொரு கருத்தும் உண்டு. வலியைப் பெரிதாக்குபவை ஐந்து என்று அவர் கூறுகிறார். அவை அச்சம், சினம், குற்றவுணர்வு, தனிமை, ‘என்னால் ஒன்றும் ஆகாது’ என்னும் கையறு நிலை. ஒரே அளவு காயம் இருவருக்கு ஏற்பட்டாலும், தனியாகக் கிடப்பவருக்கு அது கூடுதலாக வலிக்கிறது. நன்றியுள்ள மனமோ வலியைத் தாங்கும் வலுவைத் தருகிறது. இவற்றில் எதற்கும் மருந்துக் கடையில் மாத்திரை கிடையாது. ஆனால் ஓர் அன்பியக் குழுவால், ஒரு பக்கத்து வீட்டாரால், ஒரு நல்ல ஒப்புரவு அருளடையாளத்தால் இந்த ஐந்தையும் குறைக்க முடியும் அல்லவா?

கை நிமிர்ந்தது, வாழ்வு நிமிர்ந்ததா?

சீராக்கப்பட்ட கையோடு வீட்டுக்குப் போன நோயாளர் ஒருவர் திரும்பி வந்து, ‘ஐயா, இவை பிச்சை எடுப்பதற்கு ஏற்ற கைகளாக இல்லையே’ என்று முறையிட்டார். முன்பு கொக்கிபோல் இருந்த கையைக் கண்டு இரக்கப்பட்டுக் காசு போட்டவர்கள் இப்போது போடுவதில்லை. ஆனால் தொழுநோய் வந்தவர் என்பதால் வேலையும் எவரும் தருவதில்லை. நலம் பெற்ற கை அவரைப் பட்டினி போட்டது!

இந்த முறையீடு பிராண்டை ஆழமாகத் தொட்டது. கையைச் சீராக்கியதோடு தம் வேலை முடிந்துவிடவில்லை என்பதை அவர் உணர்ந்தார். 1951இல் வேலூரில் மண் குடிசைகளைக் கொண்ட ஒரு சிற்றூரே அமைக்கப்பட்டது. அதற்குப் புதுவாழ்வு நிலையம் என்ற பொருளில் பெயரிட்டார்கள். அறுவை முடிந்தவர்கள் அங்கே தங்கி, தச்சு வேலையும் பொம்மை செய்தலும் பிற கைத்தொழில்களும் கற்றார்கள். கற்றுக்கொடுத்தவர்களுள் ஒருவர், இளமையில் உளியும் வாளும் பிடித்துப் பழகிய பிராண்ட். உணர்வற்ற கையைக் காயப்படுத்தாத கைப்பிடி எது, உணர்வற்ற காலுக்கு ஏற்ற மென்மையான ரப்பர் செருப்பு எது என்பதையெல்லாம் அங்கேயும் காரிகிரி தொழுநோய் மையத்திலும் ஆராய்ந்தார்கள்.

ஆனால் கையில் தொழில் இருந்தும் சிலருக்கு ஊரில் இடம் கிடைக்கவில்லை. புருவ முடி உதிர்ந்து மூக்கு அமுங்கிய முகம் அவர்களைக் காட்டிக்கொடுத்தது. ஆகவே தலைத்தோலின் ஒரு பகுதியை எடுத்துப் புருவமாகப் பொருத்தினார்கள், மூக்கை உயர்த்தினார்கள். பிராண்டின் மனைவி மருத்துவர் மார்கரெட், இமைக்க முடியாமல் பார்வை இழந்துகொண்டிருந்தவர்களின் கண்களைக் காப்பதில் தேர்ந்தார். மெல்லும் தசையின் ஒரு பகுதியை இமையோடு இணைத்ததால், நோயாளர் வாயை அசைக்கும்போதெல்லாம் இமை மூடித் திறந்தது.

இந்த வளர்ச்சியைச் சற்று எண்ணிப் பாருங்கள். கையிலிருந்து தொழிலுக்கு, தொழிலிலிருந்து முகத்துக்கு, முகத்திலிருந்து ஊருக்கு என்று ஒவ்வொரு படியாக மருத்துவம் விரிந்துகொண்டே போயிற்று. முழுமனித நலம் என்பதைப் பிராண்ட் நூலிலிருந்து கற்கவில்லை. நோயாளர்களே அவருக்கு ஒவ்வொரு படியாகக் கற்றுக்கொடுத்தார்கள். கேட்கும் செவி அவருக்கு இருந்தது.

ஒரு தொடுதல்

ஒரு முறை ஒரு நோயாளரிடம் சிகிச்சையைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்த பிராண்ட், இயல்பாக அவர் தோள்மேல் கை வைத்தார். அந்த மனிதர் தேம்பித் தேம்பி அழத் தொடங்கினார். தாம் ஏதாவது தவறாகச் சொல்லிவிட்டோமோ என்று பிராண்ட் உடனிருந்தவரைக் கேட்டார். பல ஆண்டுகளாக எவரும் இவரைத் தொட்டதில்லை, நீங்கள் தொட்டதால்தான் அழுகிறார் என்று விடை வந்தது.

மாற்கு நற்செய்தி முதல் அதிகாரத்தில் தொழுநோயாளர் ஒருவர் ஆண்டவர் இயேசுவிடம் வருகிறார். ஒரு சொல்லாலேயே இயேசு அவரை நலப்படுத்தியிருக்க முடியும். ஆனால் முதலில் கையை நீட்டித் தொட்டார்; பிறகே நலமாகும்படி சொன்னார். பிறகு குருவிடம் போய்க் காட்டும்படி அனுப்பினார். தொட்டது அவர் மனத்தை நலமாக்கியது, சொன்னது அவர் உடலை நலமாக்கியது, குருவிடம் அனுப்பியது அவரை ஊரோடு சேர்த்தது. பன்னிரண்டு ஆண்டுகள் இரத்தப்போக்கால் வருந்திய பெண்ணையும் இயேசு கூட்டத்தின் நடுவே நிற்கவைத்து, மகளே என்று அழைத்தார். ஒளிந்து வந்தவரை உறவுக்குள் கொண்டுவந்து அனுப்பினார். முழுமனித நலம் நமக்குப் புதிய தத்துவம் அன்று. நற்செய்தியில் ஆண்டவர் நலமளித்த முறையே அதுதான்.

மண்ணும் மருந்தும்

பிராண்டின் சிந்தனையில் நம் மலைக்கு மிகவும் வேண்டிய ஒரு பகுதி மண்ணைப் பற்றியது. சிறுவயதில் கொல்லிமலையின் படிக்கட்டு வயல்களில் நண்பர்களோடு தவளை பிடித்து விளையாடியபோது, அவர்கள் வரப்பைக் கலைத்துத் தண்ணீரைக் கலங்க வைத்துவிட்டார்கள். வயலையும் மடையையும் காத்துவந்த தாத்தா ஒருவர் வந்து, ஒரு கைப்பிடிச் சேற்றை அள்ளிக் காட்டி, இந்த மண் இந்த வயலில் ஆண்டுதோறும் உணவு தருவது. கலங்கிய தண்ணீரோடு கீழே போய்விட்டால் மலைக்குத் திரும்பி வராது என்று விளக்கினார். மடையில் தண்ணீர் தெளிவாக ஓடுகிறதா என்பதுதான் அந்த முதியவர் வயலின் நலத்தைப் பார்க்கும் முறை.

உலகப் புகழ்பெற்ற அறுவை மருத்துவரான பின்னும் பிராண்ட் அந்தத் தாத்தாவை மறக்கவில்லை. காடு அழிந்து மண் கரைந்துபோவதைக் கண்டு வருந்தி, மண்ணைக் காக்கும் கொள்கைக்குத் தம்மால் உதவ முடியுமானால் மருத்துவத் தொழிலையே விட்டுவிடத் தயார் என்று எழுதினார். மண் போனால் உணவு போகும், உணவு போனால் உடல் போகும் என்ற தொடர்பு அவருக்குத் தெளிவாக இருந்தது.

கவுஞ்சியில் பூண்டும் உருளைக்கிழங்கும் கேரட்டும் விளைவிக்கும் நாம் இதை எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டிருக்கிறோம். நம் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மண்ணின் தனித்தன்மைக்குக் கிடைத்த மரியாதை அது. ஆனால் மழை பெய்த மறுநாள் நம் ஓடை என்ன நிறத்தில் ஓடுகிறது? மருந்து அடிக்கும்போது முகத்தை மூடிக்கொள்கிறோமா? அடித்து முடித்த கையோடு சாப்பிட உட்காருகிறோமா? காலி மருந்துப் புட்டிகள் ஓடையோரம் கிடக்கின்றனவா? நம் உடல்நலக் குறிப்பேட்டில் இந்தக் கேள்விகளும் இடம்பெற வேண்டும்.

செபமா, மருந்தா?

முழுமனித நலம் என்று பேசும்போது ஓர் ஆபத்தும் உண்டு. ‘ஆன்மா நலமானால் போதும், உடல் தானே சரியாகும்’ என்று சொல்லி, சர்க்கரை மாத்திரையையோ காசநோய் மருந்தையோ பாதியில் நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. ‘இயற்கை முறை’ என்ற பெயரிலும் இதே தவறு நடக்கிறது. பிராண்ட் ஆழ்ந்த செப வாழ்வு உடையவர். ஆனால் அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் செபிக்கவில்லை. கத்தியைப் பிடித்தபடியே செபித்தார். கோக்ரேன் போன்றவர்கள் கொடுத்த டாப்சோன் மருந்து கிருமியைக் கட்டுப்படுத்தியதால்தான் அவருடைய அறுவை சிகிச்சைக்கும் பயன் விளைந்தது.

சீராக்கின் ஞான நூல் 38ஆம் அதிகாரம் இதைத் தெளிவாக்குகிறது. மருத்துவரை மதிக்கவும், மண்ணிலிருந்து மருந்தைப் படைத்தவர் ஆண்டவரே என்று அறியவும், நோயுற்றபோது மன்றாடவும், அதன்பின் மருத்துவருக்கு இடம் கொடுக்கவும் அது அறிவுறுத்துகிறது. செபமும் மருந்தும் ஒன்றுக்கொன்று போட்டி அல்ல. நோயில்பூசுதல் என்னும் அருளடையாளத்தையும் உயிர் பிரியும் நேரத்துச் சடங்காக மட்டும் நாம் ஒதுக்கி வைக்கக் கூடாது. கடும் நோயுற்றோருக்கும் தளர்ந்த முதியோருக்கும் உரியது அது என்பதை இரண்டாம் வத்திக்கான் சங்கம் நினைவூட்டியிருக்கிறது. அறுவை சிகிச்சைக்குப் போகும்முன் கேட்டுப் பெறுவது மிகப் பொருத்தமானது.

இன்று நமக்கு இது ஏன் தேவை?

தொழுநோய் பழைய கதைதானே என்று சிலர் எண்ணலாம். உலக நலவாழ்வு நிறுவனம் 1981இல் பரிந்துரைத்த கூட்டு மருந்துச் சிகிச்சையால் இந்நோயை 6 மாதத்திலோ 12 மாதத்திலோ முற்றிலும் குணமாக்க முடிகிறது. அரசு நலவாழ்வு நிலையங்களில் அது இலவசம். 10,000 பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற நிலையை இந்தியா எட்டிவிட்டதாக 2005 இறுதியில் அறிவிக்கப்பட்டது. ஆயினும் உலகில் புதிதாகக் கண்டறியப்படும் தொழுநோயாளரில் பாதிக்கு மேற்பட்டோர் இன்றும் நம் நாட்டினரே. தொழுநோயைக் காரணம் காட்டி மணமுறிவு கேட்கலாம் என்றிருந்த விதி கிறிஸ்தவர்களுக்கான சட்டம் உள்ளிட்ட திருமணச் சட்டங்களிலிருந்து 2019இல்தான் நீக்கப்பட்டது. சட்டத்திலிருந்து நீங்கிய அச்சம் நம் உள்ளத்திலிருந்தும் நீங்கிவிட்டதா?

நம்மில் பெரும்பாலோருக்கு இந்நோயை எதிர்க்கும் ஆற்றல் இயல்பாகவே உண்டு. மருந்து தொடங்கியவரிடமிருந்து அது பரவும் என்று அஞ்சவும் தேவையில்லை. நாம் அஞ்ச வேண்டியது தாமதத்துக்கு. தோலில் வெளிறிய அல்லது சிவந்த, உணர்வில்லாத படை தெரிந்தால், கையோ காலோ மரத்துப்போனால், வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே காட்ட வேண்டும். குளிர் மலையில் கை மரத்துப்போவது இயல்புதானே என்று நாம் விட்டுவிடக் கூடாது. வெயில் ஏறியபின்னும், கையைத் தேய்த்துச் சூடாக்கிய பின்னும் உணர்வு திரும்பவில்லை என்றால் அது குளிரின் வேலை அன்று.

இன்னொரு பெருங்கூட்டத்துக்கும் பிராண்ட் உதவியிருக்கிறார். 1966இல் அவர் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திலுள்ள கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். புனித வின்சென்ட் தே பவுல் தொடங்கிய பிறரன்புப் புதல்வியர் சபை அருள்சகோதரிகள் 1896 முதல் நோயாளருக்குத் தொண்டாற்றிவந்த இடம் அது. அங்கே, சர்க்கரை நோயாளரின் காலும் தொழுநோயாளரின் காலைப்போலவே உணர்வற்றுப் போய்ப் புண்ணாகிறது என்பதை அவர் கண்டு, அதே காப்பு முறைகளை அவர்களுக்கும் கற்றுக்கொடுத்தார். இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வு கூறுகிறது. நம் பங்கிலும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காகச் சில எளிய நெறிகள்:

1. நாள்தோறும் இரவு செபத்துக்குமுன் இரு பாதங்களையும் வெளிச்சத்தில் பாருங்கள். உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பார்க்க வேண்டும். கண் தெரியாத பெரியவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் பார்த்துச் சொல்லட்டும்.

2. தோட்டத்திலும் வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்காதீர்கள். செருப்பை உதறிவிட்டுப் போடுங்கள்.

3. நெருப்பில் குளிர்காயும்போது காலை நெருங்க நீட்டாதீர்கள். வெந்நீரின் சூட்டைப் பாதத்தால் பார்க்காமல் முழங்கையால் பாருங்கள், அல்லது உணர்வுள்ள வேறொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

4. வலிக்காத புண்ணே ஆபத்தான புண். அது ஆறும்வரை அதன்மேல் நடக்காதீர்கள். மருத்துவரிடம் போகத் தாமதிக்காதீர்கள்.

அருள்சகோதரிகளும் நலப்பணியாளர்களும் ஏற்கெனவே சொல்லும் அறிவுரைகள்தாம் இவை. வீட்டிலுள்ளோர் கைகொடுத்தால்தான் நிலைக்கும்.

நாம் ஒரே உடல்

1980இல் ஃபிலிப் யான்சி என்ற எழுத்தாளரோடு சேர்ந்து பிராண்ட் எழுதிய நூலுக்குத் திருப்பாடல் 139இலிருந்தே தலைப்பு எடுக்கப்பட்டது. மனித உடலின் வியப்பைக் கிறிஸ்துவின் உடலாகிய திருச்சபையோடு ஒப்பிடுகிறது அந்த நூல். புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 12ஆம் அதிகாரம், ஓர் உறுப்பு துன்புற்றால் எல்லா உறுப்புகளும் துன்புறுவதைச் சொல்கிறது. தொழுநோயாளரிடையே வாழ்ந்த பிராண்டுக்கு இதில் ஒரு தனிப்பொருள் தெரிந்தது. ஓர் உறுப்பின் வலியை மற்ற உறுப்புகள் உணராமல் போனால், அந்த உடல் தொழுநோயுற்ற உடல். பக்கத்து வீட்டாரின் வலி நமக்கு வலிக்கவில்லை என்றால் நம் பங்குச் சமூகத்துக்கும் உணர்வு மரத்துப்போய்விட்டது என்றே பொருள்.

2003ஆம் ஆண்டு சூலை 8ஆம் நாள் பால் பிராண்ட் அமெரிக்காவில் இறைவனடி சேர்ந்தார். அவர் தொடங்கிவைத்த கை அறுவை முறைகளும் கால்புண் சிகிச்சையும் இன்றும் பல நாடுகளில் வழக்கில் உள்ளன. நம் தாய்த் திருச்சபையிலும் மொலோக்காய் தீவில் தொழுநோயாளரோடு வாழ்ந்து இறந்து, 2009இல் புனிதராக உயர்த்தப்பட்ட தமியான் அடிகளார் முதல், கும்பகோணத்தில் தொழுநோயாளருக்கு மருத்துவமனை நடத்திய அருள்சகோதரிகள்வரை இதே வழியில் நடந்தோர் பலர்.

ஆண்டுதோறும் சனவரி 30ஆம் நாள் நம் நாட்டில் தொழுநோய் ஒழிப்பு நாளையும், பிப்ரவரி 11ஆம் நாள், லூர்து அன்னையின் விழாவன்று, திருச்சபையில் உலக நோயாளர் நாளையும் கடைப்பிடிக்கிறோம். அந்த நாள்களுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. இந்த வாரமே நம் ஊரில் படுக்கையில் இருக்கும் ஒருவரைப் பார்க்கப் போவோம். போகும்போது பழம் வாங்கிப் போனாலும் போகாவிட்டாலும், அவர் அருகில் அமர்ந்து கையைப் பிடித்துக்கொள்வோம். “எங்கே வலிக்கிறது?” என்று கேட்டபின் “வேறு என்ன கவலை?” என்றும் கேட்போம். அவர் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்போம்.

தொட்டு நலமளித்த ஆண்டவரே, எங்கள் மலையில் நோயுற்றிருக்கும் ஒவ்வொருவரையும் நீர் தொடும். மற்றவர் வலியை உணரும் உள்ளத்தை எங்களுக்குத் தாரும். ஆமென்.